பின்பெட்டியில் ஒரு கணினி

போன மாதம் ஒரு கல்யாண விருந்துக்காகப் பைராம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நிபோங் திபால் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தத் தோட்டத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தம்பி முறையாகும் ஒரு பையன் வந்து தோளைப் பிடித்தான். பாயான் லெப்பாஸில் டெக்னீஷியனாக வேலை செய்கிறான்.

"அண்ணே, வாங்க. வண்டியில கம்ப்யூட்டர் வச்சிருக்கேன், பாருங்க."

பழைய புரோட்டோன் வீரா. ரேடியோ இருந்த இடத்தில் ஒரு 7 அங்குலத் திரை. சாவியைத் திருப்பினான். அரை நிமிடத்தில் திரை விழித்துக்கொண்டது. அவன் அப்பா சேர்த்து வைத்திருந்த கேசட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றியிருக்கிறான். ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் இருக்கும் கேமரா தெரிகிறது. கடையில் விற்கிற ஆண்ட்ராய்டு பிளேயரும் இதைத்தானே செய்யும் என்றேன். "செய்யும்ணே. ஆனா அதைத் திறந்து பார்க்க முடியாதுல்ல" என்றான். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. கையால் செய்து பார்க்கும் ஆசைக்குக் கணக்குக் கேட்கக் கூடாது.

ஆனால் இது அவனுடைய இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியின் கதைதான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

நான்கு வருடங்களுக்கு முன் வீட்டில் சும்மா கிடந்த மேசைக் கணினியை அப்படியே தூக்கிப் பின்பெட்டியில் வைத்தான். காரில் இருப்பது 12 வோல்ட், கணினி கேட்பது 240 வோல்ட். நடுவே ஓர் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் 12-ஐ 240 ஆக்கும். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை அதே 240-ஐ மறுபடி 12, 5 என்று இறக்கும். மாடிக்குத் தண்ணீரைச் சுமந்து போய், அங்கிருந்து குழாய் வழியே கீழே இறக்கிக் குடிப்பது போன்ற வேலை. வழியெல்லாம் சிந்தும். சிந்துவது முழுக்கச் சூடாகும்.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு வீடு வந்தவன், பாட்டுகள் காப்பி ஆகட்டும் என்று கணினியை ஓடவிட்டுப் படுத்துவிட்டான். கணக்கு இதுதான். கணினிக்கு 120 வாட் என்று வையுங்கள். இன்வெர்ட்டரில் சிந்துவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 12 ஆம்பியர் போகும். பேட்டரி 40 ஆம்பியர்-மணி என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். என்ஜினைச் சுழற்றும் தெம்பு அதற்கும் முன்பே போய்விடும். பேட்டரி இறங்கும்போது இன்வெர்ட்டர் கத்தும். கத்தியிருக்கும். மூடிய பின்பெட்டிக்குள் அது கத்தினால் யாருக்குக் கேட்கும்?

விடியற்காலை நான்கு மணிக்கு அவன் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். கைத்தாங்கலாக அழைத்து வந்து காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினால், 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநரை எழுப்பி, லாரியின் முன் சீட்டில் ஏற்றி சுங்கை பாக்காப் மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். விருந்தன்று எனக்குக் காப்பி கொடுத்ததும் அவர்தான். இன்றும் அந்தக் கணினியை அவர் 'சனியன்' என்றுதான் சொல்கிறார்.

கார் என்பது கணினிக்கு எவ்வளவு கொடுமையான வீடு என்று பெரும்பாலோர் யோசிப்பதில்லை. 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.6 காட்டும். என்ஜின் ஓடும்போது 14-ஐத் தொடும். சாவியைத் திருப்பும் அந்த ஒரு விநாடியில் 9-க்கும் கீழே விழும். அப்போதுதான் கணினி அணைந்து மறுபடி எழும். ஓடும் என்ஜினில் பேட்டரி இணைப்பு கழன்றால் சில கணங்களுக்குப் பல மடங்கு வோல்ட் பாயும். அதனால்தான் காருக்கென்றே செய்த டி.சி. பவர் சப்ளை வேண்டும். அது 6 வோல்ட்டுக்கு விழுந்தாலும், 24-க்கு ஏறினாலும் கணினிக்கு ஒரே அளவு மின்சாரம் கொடுக்கும். சாவியை எடுத்ததும், "மூடிக்கொள்" என்று கணினிக்குச் சொல்லி, அது ஒழுங்காக மூடும்வரை காத்திருந்து, பிறகு தானே முழுசாக அறுத்துக்கொள்ளும். இந்தக் கடைசி வேலை இல்லாத எதையும் வாங்காதீர்கள். திடீரென்று மின்சாரத்தைப் பிடுங்கினால் மெமரி கார்டில் இருக்கும் கோப்புகள் கெடும். பிடுங்காமலே விட்டால் பேட்டரி சாகும்.

அடுத்தது வெயில். மதியம் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். டாஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். மடிக்கணினிகள் பொதுவாக 35 டிகிரி வரை ஓடுவதற்குத்தான் செய்யப்பட்டவை. பழைய மாதிரி சுழலும் ஹார்ட் டிஸ்க் 60-க்கு மேல் தாங்காது. தோட்டத்து மண்சாலைக் குலுக்கலையும் தாங்காது. அதனால் சுழலும் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. அல்லது கார்டு போதும். லித்தியம் பேட்டரி உள்ள பழைய டேப்லட்டை டாஷ்போர்டில் ஒட்டி வைப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வெயிலில் அது உப்பும், தீப்பிடிக்கவும் கூடும்.

தம்பி இப்போது வைத்திருப்பது ராஸ்பெரி பை. 2012-ல் 35 அமெரிக்க டாலருக்கு வந்ததே, உள்ளங்கை அளவு கணினி, அதன் புதிய வகை. திரையோடு சேர்த்து 10 வாட்டுக்குள் அடங்குகிறது. முன் சீட்டுக்கு அடியில், காற்றுப் போக வழிவிட்டு வைத்திருக்கிறான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ். ஃபியூஸ் கணினியைக் காப்பதற்கு அல்ல, ஒயரைக் காப்பதற்கு. ஒயர் தகரத்தில் உரசித் தோல் உரிந்தால் அடுத்தது தீதான். என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கை விட்டே பார்த்தேன். இருந்தது. மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை; அதில் யாரும் கை வைக்க வேண்டாம். ஏர்பேக் மூடிக்கு மேலேயோ அது விரியும் வழியிலோ திரை மாட்டவும் கூடாது.

இது ஒன்றும் புதிய ஆசை அல்ல. 1986-லேயே அமெரிக்காவின் பியூக் ரிவியேராவில் தொட்டால் வேலை செய்யும் திரை வந்தது. ஏ.சி.யைக் கூட்டவும் அதைப் பார்த்துத்தான் தொட வேண்டும். கண் சாலையை விட்டுப் போகிறது என்று ஓட்டுநர்கள் அலுத்துக்கொண்டார்கள். 1998-ல் கிளாரியன் நிறுவனம் விண்டோஸ் சி.இ.யில் ஓடும் 'ஆட்டோ பிசி' கொண்டு வந்தது. பேச்சுக்குக் கட்டுப்படும். விலை 1,300 டாலர். ஒரு டாலருக்கு 3.80 என்று நம் அரசு கட்டி வைத்திருந்த காலம், ஏறக்குறைய 5,000 ரிங்கிட். யார் வாங்குவார்? சில வருடங்களில் காணாமல் போனது. பிறகு 2014-ல் கார்பிளே, அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு ஆட்டோ. 2018 டிசம்பரில் வந்த புரோட்டோன் எக்ஸ்70-ல் "ஹாய் புரோட்டோன்" என்று கூப்பிட்டால் காரே பதில் சொன்னது.

இதில் பினாங்கின் பங்கு சாதாரணமல்ல. 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. அதே வருடம் இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கேதான் திறந்தது. கிளாரியனும் போஷும் கார் ரேடியோ செய்ததும் அங்கேதான். 1985-ல் முதல் பாலம் திறந்த பிறகு, இந்தக் கரைத் தோட்டங்களிலிருந்து விடியும் முன்னே தொழிற்சாலைப் பேருந்து ஏறிய பெண்களில் தம்பியின் அம்மாவும் ஒருவர். ஒன்பது வருடம் கார் ரேடியோ போர்டுகளில் ஈயம் வைத்தவர். மகன் இன்று போவது 2014-ல் திறந்த இரண்டாவது பாலத்தில், பத்து காவான் வழியாக.

அந்தப் பாலத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வண்டி 44 மீட்டர் கண்ணில்லாமல் ஓடுகிறது. தம்பி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறான்: ஹேண்ட்பிரேக் போட்டால்தான் படம் ஓடும். அந்த ஒயரைத் தரையோடு இணைத்து ஏமாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. காசு கொடுத்து அதைச் செய்துகொள்பவர்களும் நம்மில் உண்டு. பின்சீட்டில் பிள்ளைகள் அழுகிறார்கள் என்பார்கள். பிள்ளைகளுக்குப் பின்சீட்டிலேயே திரை வையுங்கள்.

கான்சிலில் வைக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாட்டுக்கும் கேமராவுக்கும் தாராளமாக வைக்கலாம். ஆனால் கார்புரேட்டர் உள்ள கான்சில் என்றால், ஓ.பி.டி. 2 முனை கிடையாது. அதனால் என்ஜின் கோளாறைத் திரையில் படிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான முனை அது; நம் பழைய வண்டிகள் பலவற்றில் முனை இருந்தாலும் பேசும் மொழி வேறு. அடாப்டர் வாங்குமுன் உங்கள் போர்மேனைக் கேளுங்கள்.

கிளம்பும்போது தம்பி ஒரு குறை சொன்னான். மேடு பள்ளத்தில் ஏறினால் சில நேரம் திரை இருண்டுவிடுகிறதாம். மென்பொருள் கோளாறு என்று இரண்டு வாரமாகத் தேடுகிறான். போர்டைக் கழற்றிக் கொண்டு வந்து எனக்குக் காட்டினான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதை அவன் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இது ட்ரை ஜாயிண்ட்டா. ஈயம் பிடிக்கல. மறுபடி சூடு காட்டி வை."