அம்மாவிடமே கேளுங்கள்

1995-இல் டெல்லியில் நடந்தது இது. மாதவிடாய் நிற்காமல் அவதிப்பட்ட 44 வயதுப் பெண் ஒருவர், திருமணமாகாதவர், மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோபி செய்து பார்க்க, தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்க்கக் கையெழுத்துப் போட்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த வயதான தாயாரிடம் இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாம் எடுக்கப்பட்டன.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. மருத்துவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் அது அனுமதியில்லாத அறுவை சிகிச்சை என்றது. உயிருக்கு ஆபத்து இல்லை. நோயாளி விவரம் தெரிந்த பெரியவர். மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்கலாம். பெற்ற தாயின் கையெழுத்தும் மகளின் ஒப்புதல் ஆகாது. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதலைச் சிகிச்சைக்கும் நீட்டிக்கொள்ள முடியாது. அறுவை சிகிச்சைக்கான கட்டணம் மருத்துவருக்குக் கிடையாது, அதற்கு மேல் 25,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவானது. தொகை மிகக் குறைவு என்பது என் எண்ணம். சொன்ன சட்டம் பெரியது.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்றும் என்ன நடக்கிறது? கட்டிலில் அம்மா நல்ல நினைவோடு உட்கார்ந்திருப்பார். நர்ஸ் படிவத்தை மகனிடம் நீட்டுவார். "இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போடுங்க சார்." பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும். படிவம் ஆங்கிலத்தில். சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய கோடு சில நேரம் காலியாகவே கிடக்கும். "அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்க" என்று வீட்டாரே டாக்டரிடம் கெஞ்சுவதும் உண்டு. அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் கத்தி படப்போவது அவர் உடம்பில். எழுபது வருஷம் குடும்பத்தைக் கட்டி இழுத்தவருக்குத் தன் வயிற்றைப் பற்றிக் கேட்டுக்கொள்ளத் தெம்பு இருக்காதா?

என்ன செய்யப்போகிறார்கள், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்து என்ன, வேண்டாமென்றால் என்ன ஆகும்: இவ்வளவையும் நோயாளிக்குப் புரியும்படி சொல்லிவிட்டுப் பெறுவதுதான் ஒப்புதல் என்கிறது அதே தீர்ப்பு. அபூர்வத்திலும் அபூர்வமான ஆபத்துகளையெல்லாம் அடுக்க வேண்டியதில்லை. விபத்தில் நினைவிழந்து வருகிறவருக்குக் கையெழுத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கேட்க ஆளில்லாத அவசரத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது.

கருக்கலைப்பு விஷயத்தில்தான் எனக்கு அதிக ஆதங்கம். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். அப்படியிருக்க, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். சட்டம் கேட்காத கையெழுத்துக்காக அந்தப் பெண் நாட்களை இழக்கிறாள். இந்தச் சிகிச்சையில் ஒவ்வொரு வாரமும் கணக்கு.

படிவத்தில் கோடு காலியாக இருந்தால், நிரப்பச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பிறகு சந்தேகம் வந்தால் மருத்துவப் பதிவேடுகளின் நகல் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நோயாளியே எழுதிக் கேட்கலாம்.