மூக்கு ஸ்பிரேயும் சலிப்பறைத் தூசியும்



தோட்டத்தை விட்டு இலங்கைத்துறைப் பக்கம் குடியேறிய நமது குடும்பமொன்றைச் சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா பல வருடங்கள் ஸ்டோரில், சலிப்பறையில் நின்றவர். விடிந்தால் தும்மல், மூக்கடைப்பு. பீனிசம் என்று கிளினிக்கில் கொடுத்த ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரே அலமாரியில் கிடந்தது.

"ரெண்டு நாள் அடிச்சேன் சேர், ஒண்ணும் கேக்கல" என்றார். அதற்குப் பதிலாக பாமசியில் மூக்கடைப்புச் சொட்டு மருந்து வாங்கி, மூன்று மாதமாக விட்டுவருகிறார்.

தவறு இங்கேதான் நடக்கிறது. சைலோமெட்டாசொலின் போன்ற சொட்டு மருந்து சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் ஐந்து நாளைக்கு மேல் விட்டால், அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். ஸ்டீரொயிட் ஸ்பிரே வேறு வகை. அது மூக்கின் உள்ளே உள்ள வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். வைத்தியர் சொன்ன அளவில் தினமும் அடிக்க வேண்டும். தும்மல் வரும்போது மட்டும் அடிப்பதில் பயனில்லை.

அடிக்கும் முறையையும் பலருக்கு யாரும் காட்டிக் கொடுப்பதில்லை. முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, போத்தலைக் குலுக்குங்கள். தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குள் போய்விடும். வலது மூக்கிற்கு இடது கை, இடது மூக்கிற்கு வலது கை. அப்போது மருந்து நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கமாகப் போகும். நடுச்சுவரிலேயே பட்டுக்கொண்டிருந்தால் புண்ணாகி இரத்தம் வரும். இரத்தம் வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். பலமாக உறிஞ்ச வேண்டாம், மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். ஒருவருடைய போத்தலை வீட்டில் எல்லோரும் பாவிக்கக்கூடாது.

ஸ்டீரொயிட் என்ற பெயரைக் கேட்டே சிலர் பயப்படுகிறார்கள். மூக்கில் அடிக்கும் அளவு சிறியது, உடம்புக்குள் சேர்வது மிகக் குறைவு. பயப்பட வேண்டியது, சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீரொயிட் வில்லைகளுக்குத்தான். ஆனாலும் காசநோய், கண் அழுத்தம், கண்புரை உள்ளவர்கள், மூக்கில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களே அடித்துவிடுங்கள். நீண்ட நாள் பாவித்தால் உயரத்தையும் கிளினிக்கில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சில் இழுப்பு இருந்தால் மூக்கு ஸ்பிரேயை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது.

இனி, ஸ்பிரேயால் தீராத விடயம். தேயிலைப் பஞ்சைச் சுவாசித்ததால் டீமேக்கர் ஒருவருக்கு ஆஸ்துமா வந்ததை நமது நாட்டு நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. உரகொட 1970ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். டீமேக்கருக்கே அப்படியென்றால், நாள் முழுக்க சல்லடைப் பக்கத்தில் நின்று கூட்டி அள்ளும் பெண்களுக்கு? தூசியை அகற்றும் பொறுப்பை 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நிர்வாகத்தின் மீதுதான் வைத்திருக்கிறது. முகத்தில் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு நிற்பது பாதுகாப்பல்ல.

சலிப்பறையில் நிற்பவர்களில் தும்மலும் இழுப்பும் உள்ளவர்கள் யார் யார், லீவு நாளில் அது குறைகிறதா என்று கிளைத் தலைவர்கள் இந்த மாதமே கேட்டு எழுதுங்கள். தூசி உறிஞ்சும் காற்றாடி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். கிளினிக் போன நாளுக்கு அரைப் பேர் போட்டிருந்தால், துண்டோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.