துடைப்பதை விடப் படியெடுப்பதே அவசரம்

இறுவட்டைத் துடைத்துப் போட்டால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. அது கசெட் காலத்துப் பழக்கம். கசெட்டில் அது உண்மையும்கூட: ஹெட்டில் அழுக்கு ஏறினால் ஒலி மங்கும், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் குரல் பளிச்சென்று திரும்பும். இறுவட்டு வேறு வகை. 1982இல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த முறையில் ஒலி, நொடிக்கு 44,100 எண்களாக இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியே பதிந்திருக்கிறது. லேசர் கதிர் 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்டிக்கைக் கடந்து பின்னாலுள்ள பதிவில்தான் குவிகிறது. மேற்பரப்பில் அது அகன்று கிடப்பதால் சிறு தூசி அதை மறைப்பதில்லை. அதையும் மீறிச் சில எண்கள் விடுபட்டால், கூடவே பதிந்துள்ள திருத்தக் கணக்கைக் கொண்டு பிளேயர் அவற்றை மீட்டுவிடும். தடத்தில் சுமார் 2.5 மில்லிமீற்றர் நீளம் அழிந்தாலும் திரும்பக் கிடைப்பது அசல் எண்ணேதான்.

துடைத்தபின் வித்தியாசம் தெரிகிறதே என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அழுக்கு மிகும்போது பிளேயர் பக்கத்து எண்களைப் பார்த்து உத்தேசமாக நிரப்பும், முடியாவிட்டால் விக்கும், தாவும். துடைத்தால் அந்த விக்கல் தீரும். ஆனால் உத்தேசமும் விக்கலும் இல்லாமல் பாடிய தட்டுக்கு அதனால் புதிய இனிமை வராது. அத்தகைய தட்டைத் துடைக்குமுன்னும் பின்னும் கணினியில் படியெடுத்து ஒப்பிட்டால் எண்கள் ஒன்றாகவே இருக்கும். துடைக்கத்தான் வேண்டுமென்றால், ஈரமான மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடி, திருத்தக் கணக்கையும் தோற்கடிக்கும். பெயர் எழுதும் பக்கத்தில் இன்னும் கவனம் தேவை. பதிவு அங்கே மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது, அதில் விழுந்த கீறலை எந்தத் துணியும் ஆற்றாது.

சினிமாப் பாட்டு போனால் வேறிடத்தில் கிடைக்கும். பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும், கோயில் திருவிழாவும் யாராவது பதிந்து வைத்த ஒற்றைத் தட்டில் இருந்தால், அது போனால் போனதுதான். வீட்டில் எழுதும் தட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயம். வெயிலிலும் வெப்பத்திலும் அது மங்கும், மலைநாட்டு ஈரம் உலோகப் படலத்தை அரிக்கும். எவ்வளவு துடைத்தாலும் இப்படி அழிந்த பதிவு திரும்பாது. அதற்குமுன் படியெடுப்பதே வழி. படியை வைக்கும் போனும் பென்டிரைவும் மட்டும் நிலைக்குமா என்று கேட்கலாம். நிலைக்காதுதான். ஆனால் கசெட்டைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடியது, எண்களுக்கு அந்த இழப்பே இல்லை. எனவே மூன்று இடத்தில் வைப்பதே பாதுகாப்பு. இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேகரிக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். கோயில் கமிட்டிகளும் கணினி உள்ள தோட்டப் பாடசாலைகளும் நினைத்தால், வரும் மாசியில் காமன் கூத்து தொடங்குமுன் லயங்களிலுள்ள பழைய தட்டுகளைத் திரட்டிப் படியெடுத்துவிடலாம்.