எட்டாம் தலைமுறை

பி.எம்.டபிள்யூவின் தலையாய சொகுசுக் காரான '7 சீரிஸ்' 1977இல் பிறந்தது. 2022இல் ஏழாம் தலைமுறையை எட்டியது. செங்கல்பட்டு அருகேயுள்ள ஆலையில் பாகங்கள் பூட்டப்பட்டு இங்கே விற்பனைக்கு வருகிறது. எட்டாம் தலைமுறை எப்படியிருக்கும் என்று தஞ்சையில் நம் மாணவர்களும் ஆவலோடு பேசுகிறார்கள். பேசட்டும், நல்ல பொறியும் ஒரு கலைதான்.

நெல்லுக்கும் தலைமுறை உண்டு. 1982இல் வெளியான சி.ஆர். 1009 நம் சம்பா வயல்களுக்குப் பழகிய ரகம். அதன் வாரிசான 'சப் 1' ஏறத்தாழ இரு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைத்தெழும். கார்த்திகை மழையில் பயிர் அழுகக் கண்ட நமக்கு இதைவிடப் புதுமை எது? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் அடுத்து என்ன தரும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? கார் ஓராண்டு தாமதித்தால் எவருக்கும் இழப்பில்லை. விதை தாமதித்தால் ஒரு சம்பாவே போய்விடும்.