சுதேசி மில்லுக்கு வாருங்கள், தோழர்களே!

ஞாயிறு மாலை 5 மணி, சுதேசி மில் அருகில். கடையை மூடிவிட்டாவது வாருங்கள்.

2024 ஜூலை 1 முதல், ஓர் ஆணையோ திருநங்கையையோ ஒருவன் வன்புணர்ந்தால் அதை வன்புணர்வு என்று எழுதக் காவல் நிலையத்தில் பிரிவு இல்லை. இருவர் விரும்பிச் சேர்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது கடற்கரையில் கட்டிப்பிடித்து அழுதோமே, அதே தீர்ப்பு பலவந்தத்துக்கு எதிராக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை விட்டுவைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா அந்த மிச்சத்தையும் துடைத்துவிட்டது. அதைத் தக்கவைக்கும்படி நாடாளுமன்ற நிலைக்குழு 2023லேயே சொல்லிப் பார்த்தது, அரசு கேட்கவில்லை.

பெண்ணை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்தது 10 ஆண்டு. திருநங்கை என்றால், 2019இல் இயற்றிய திருநர் சட்டத்தின் 18ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு. கிழிந்த உடம்புக்கு இப்படியா விலை போடுவார்கள்?

வக்கீல் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை, வன்புணர்வு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கேஸே கிடையாது என்று ஸ்டேஷனில் விரட்டப்பட்டவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாரா? போன வருடம் ஒரு தங்கையை நள்ளிரவில் நான் கூட்டிப்போனேன். ஆண் வார்டா, பெண் வார்டா என்று கேட்டே விடிந்துவிட்டது. மூன்றாம் நாள்தான் மாத்திரை கைக்கு வந்தது. அதுவரை அவள் என் கையை விடவில்லை.

நம் புதுவைக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. விரும்பிச் சேர்ந்தவர்களைத் தண்டிக்கும் பிரிவு பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லை. 1963 அக்டோபர் 1இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே வந்தபோது 377ம் கூடவே வந்தது. நம்மைக் கேட்டு வரவில்லை, நம்மைக் கேட்டுப் போகவும் இல்லை.

ஏன் சுதேசி மில்? 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்ட 12 மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசு சுட்டுக் கொன்ற ஊர் இது. எட்டு மணி நேரத்துக்கு மேல் எங்கள் உடம்பைப் பிழியாதே என்பதும் அவர்கள் கேட்டதுதான். தொழிற்சங்கத் தோழர்களே, அந்த வரிசையில் எங்களுக்கும் இடம் உண்டு. வந்து பக்கத்தில் நில்லுங்கள்.

ஆணோ திருநரோ, யாரை வன்புணர்ந்தாலும் அது வன்புணர்வே என்று சட்டம் திருத்தக் கோரிப் புதுவைச் சட்டப்பேரவை தீர்மானம் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் முதலில் மாத்திரை, பிறகு காகிதம்.

திருநங்கை ஜமாத் அம்மாக்களை ஆட்டோ வைத்து அழைத்து வாருங்கள். பதாகை எழுதத் தெரிந்தவர்கள் 3 மணிக்கே வந்துவிடுங்கள்.