சந்தைச் சீர்திருத்தமும் அரசுப் பணியும்: 45 பதவிகள் மீது விவாதம், 9.79 லட்சம் காலியிடங்கள் மீது மௌனம்

புதுதில்லி: மத்திய அமைச்சகங்களில் இணைச் செயலர், இயக்குநர், துணைச் செயலர் நிலையிலான 45 பதவிகளுக்குத் தனியார் துறையினரும் விண்ணப்பிக்கலாம் என்று மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யுபிஎஸ்சி) 2024 ஆகஸ்ட் 17-இல் விளம்பரம் வெளியிட்டது. இந்த நேரடி நியமனத்தில் இட ஒதுக்கீடு இல்லை என எதிர்ப்பு எழுந்ததால், மூன்றே நாள்களில் அதை ரத்து செய்யுமாறு மத்திய அரசு கேட்டுக்கொண்டது. விளம்பரம் மறைந்தாலும், சந்தைப் பொருளாதாரத்தில் அரசு ஊழியரின் பணி என்ன என்ற கேள்வி மறையவில்லை.

மாறிய பொறுப்பு

1991-இல் தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்த்தப்பட்டபோது, அரசின் வேலை இனிக் குறையும் என்றே பலரும் எண்ணினர். நடந்தது வேறு. தொழிலைத் தானே நடத்தும் பொறுப்பு குறையக் குறைய, பிறர் நடத்துவதைக் கண்காணிக்கும் பொறுப்பு கூடியது. 1992-இல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி சட்ட அதிகாரம் பெற்றது. 1997-இல் தொலைத்தொடர்புக்கு டிராய் உருவாயிற்று. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டபோதும், ஏலத்துக்கான நிபந்தனைகளை வகுத்து, விற்பனையை முடித்துவைத்தவர்கள் அரசு அதிகாரிகளே.

இரு தரப்பு வாதம்

இத்தகைய பணிகளுக்குத் துறைசார் வல்லுநர்கள் வேண்டும் என்பது நேரடி நியமனத்தை ஆதரிப்போர் வாதம். வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் இதைப் பரிந்துரைத்தது. மன்மோகன் சிங், மான்டேக் சிங் அலுவாலியா ஆகியோர் ஆட்சிப் பணித் தேர்வு வழியே வந்தவர்கள் அல்லர் என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது. 2018-இல் தொடங்கிய இத்திட்டத்தில் 2024 ஆகஸ்ட் வரை 63 பேர் நியமிக்கப்பட்டனர்.

ஒவ்வொரு பதவியும் தனித்த ஒற்றைப் பதவியாகக் கருதப்படுவதால் இட ஒதுக்கீடு பொருந்தாது என்ற நிலைப்பாடு, சமூகநீதியைப் பின்வாசல் வழியே அகற்றுவதாகும் என்பது எதிர்ப்போர் வாதம். மூன்று முதல் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவர், நாளை தாம் திரும்பிச் செல்லவிருக்கும் துறைக்கே இன்று விதி எழுதும் நிலை ஏற்படலாம் என்ற கவலையும் புறக்கணிக்கத்தக்கது அன்று. அதிகாரிகள் அச்சமின்றிக் கருத்துரைக்கப் பணிப் பாதுகாப்பு அவசியம் என்று 1949-இல் அரசமைப்பு நிர்ணய சபையில் வல்லபபாய் படேல் வாதிட்டதும் இதனால்தான்.

கீழ்த்தளத்தின் வெற்றிடம்

ஆனால், பொதுமக்கள் அரசைச் சந்திக்கும் இடம் இணைச் செயலரின் அறை அன்று. ரயில் நிலையமும் அஞ்சலகமும் மருத்துவமனையுமே அவர்கள் அறிந்த அரசு. நாடாளுமன்றத்தில் அரசு அளித்த தகவலின்படி, 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட சுமார் 40.35 லட்சம் பணியிடங்களில் 9.79 லட்சம் காலியாக இருந்தன. ஏறத்தாழ நான்கில் ஒன்று. ரயில்வேயில் மட்டும் 2.93 லட்சம் இடங்கள். ஒன்றரை ஆண்டுகளில் 10 லட்சம் பேரை நியமிக்குமாறு 2022 ஜூனில் பிரதமர் உத்தரவிட்டார். அவ்வாண்டு அக்டோபர் முதல் 'ரோஜ்கார் மேளா' வழியே நியமனக் கடிதங்கள் வழங்கப்படுகின்றன. எனினும் நியமனம் நடைபெறும்போதே ஓய்வு பெறுவோரால் புதிய காலியிடங்களும் உருவாகின்றன.

வசதி படைத்தவர் தனியார் மருத்துவமனையையும் தனியார் பள்ளியையும் நாடலாம். கட்டணம் செலுத்த இயலாதவருக்கு அரசுச் சேவையைத் தவிர வேறு வழியில்லை. சீர்திருத்தத்தின் சுமை முதலில் இறங்குவதும் அவர்மீதே. எனவே உயர் பதவிகளில் யாரை அமர்த்துவது என்ற விவாதத்துடன், கீழ்நிலைக் காலியிடங்களைக் குறித்த காலத்துக்குள் எவ்வாறு நிரப்புவது என்பதும் நாடாளுமன்றத்தில் அதே வேகத்துடன் விவாதிக்கப்பட வேண்டும்.