ஒரே சோதனை, முப்பது தடவை

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர் தன் சோதனைக் கோப்பைக் காட்டினார். அடையாள அட்டை இலக்கப் பெட்டிக்கு மட்டும் முப்பது சோதனைகள். உள்ளீடு மட்டும் மாற, மிச்சமெல்லாம் வெட்டி ஒட்டினது. அந்த இலக்கம் லேசுப்பட்டதில்லைதான். பழையதில் ஒன்பது எண்களோடு வீ அல்லது எக்ஸ். 2016 முதல் 12 எண்கள். பிறந்தது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் உள்ளே இருக்கும். பெண்களுக்கு அதோடு 500 கூடும். பெப்ரவரிக்கு எந்த ஆண்டும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே 366 செல்லும், 367 செல்லாது, 501 செல்லும்.

இதெல்லாம் ஓர் அட்டவணையில் வரிவரியாக இருக்கவேண்டிய சங்கதி: உள்ளீடு, வரவேண்டிய விடை, காரணம். சோதனை ஒன்று போதும். பைடெஸ்ட், ஜேயூனிட் இரண்டிலும் அதற்கு வசதி உண்டு. காரணத்தை மட்டும் விட்டுவிடக்கூடாது, எந்த வரி விழுந்ததென்று அதுதான் சொல்லும். சுருக்குகிற ஆசையில் 021 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கப் பெட்டியையும் அதே சோதனைக்குள் திணித்துக் கிளை போட்டால், பிறகு சோதனையைச் சோதிக்க இன்னொன்று வேண்டும்.

பெயர்ப் பெட்டிக்கு அவரிடம் இருந்தது ஒரேயொரு சோதனை. "முதலெழுத்தோட தமிழ்ப் பெயர் போட்டுப் பாத்தனீரோ?" என்றேன். சிரித்தார்.